வைகாசியின் கடைசி நல்ல நாள்

அத்தியாயம் பன்னிரண்டு

போன கிழமை நாம் விட்டுவிட்டு வந்தபோது ஆனந்தராஜா ஹவுன்ஸ்லோ வீட்டுச் சமையலறையில் ஆறிப்போன தேநீருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்ன யோசனை என்று மனைவி சந்திரவதனா கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒன்றுமில்லை ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, நோர்த் சேர்குலர் வீதியில், ஓடுகிற காருக்குள் வைத்து வெளியே வந்தது.

இருவரும் பட்டு உடுத்தியிருந்தார்கள். பின் இருக்கையில் வாழைப்பழம், தேங்காய், மாவிலை. போவது சந்திரவதனாவின் தங்கை வசந்தமலரின் புதுவீட்டுக் குடிபூரலுக்கு. மனோர் பார்க்கில் பாழடைந்து கிடந்த, வீட்டோடு வீடு ஒட்டிய அந்த டெரஸ் வீட்டை ஏலத்தில் எடுத்து, நாலு மாதம் பாடுபட்டுத் திருத்தி, வசந்தமலருக்கும் அவள் கணவன் இராஜேந்திரனுக்கும் விற்றவர் ஆனந்தராஜாதான். ஏலத்தில் வீடு எடுத்துத் திருத்தி விற்பது நாலு வருடமாக அவர் தொழில். இது அவருக்கு ஆறாவது வீடு.

"சந்திரா, பின்னறையில சிம்னியை எடுத்துவிட்டனான் எல்லே?" என்று தொடங்கினார்.

"ஓம். வசந்தாவின்ர தையல் மெஷின் வைக்க இடம் காணாது எண்டு."

"கீழதான் எடுத்தனான். மேல எடுக்கேல்லை. மேலறையில இருக்கிறதும் கூரைக்கு மேல நிக்கிறதும், அந்தச் செங்கல் முழுக்க ரெண்டு மரக்கட்டையிலதான் நிக்குது."

சந்திரவதனாவுக்கு முதலில் விளங்கவில்லை. லண்டன் பழைய வீடுகளில் அடுப்புச் சுவர் நிலத்திலிருந்து கூரைவரை ஒரே தூணாகப் போகும். இப்போது யாரும் அதில் நெருப்பு மூட்டுவதில்லை, அறையில் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா நிற்கும். கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்தால் அறை பெரிதாகும். ஆனால் வெட்ட முன் மேலே உள்ளதைத் தாங்க இரும்பு வளை ஒன்றை உத்தரமாகப் போட வேண்டும், கவுன்சிலிலிருந்து ஆள் வந்து பார்த்து ஒப்பம் வைக்க வேண்டும். இதெல்லாம் தெரியாத ஆள் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். ஆனந்தராஜா ஊரில் பதினொரு வருடம் கட்டட வேலை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்தவர். ஒரு செங்கல் எத்தனை இறாத்தல் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவார். மேலே நிற்பது ஒன்றரைத் தொன் என்று அவர் கணக்குப் பார்த்து மூன்று கிழமை ஆகிறது. அன்றிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை.

இரும்பு வளைக்குச் சொல்லித்தான் இருந்தார். கடைக்காரன் இன்னும் இரண்டு கிழமை என்று கையை விரித்துவிட்டான். நல்ல நாளோ வைகாசிக் கடைசியில். அது தவறினால் ஆனியும் ஆடியும் குடிபுக ஆகாத மாதங்கள். அதனால் தற்காலிகமாக மரத்தைக் கொடுத்து, பலகை அடித்து, மேலே பூசி, வர்ணமும் அடித்தாயிற்று.

இவ்வளவையும் சந்திரவதனாவிடம் சொன்னார். சொல்லாத பாதியும் ஒன்று இருந்தது.

கோயிலுக்குப் போய் நாள் கேட்டு வந்தவர் அவர்தான். இராஜேந்திரனுக்குப் பெற்றோல் ஷெட்டில் இரட்டை ஷிப்ட். ஐயர் ஒரே தாளில் இரண்டு நாள் எழுதிக் கொடுத்தார், வைகாசியில் ஒன்று, ஆவணியில் ஒன்று. வசந்தமலர் அவசரப்படவே இல்லை. ஆவணியில் வைப்போமே, ஆறுதலாக வேலையை முடியுங்கள் என்றுகூடச் சொன்னாள். அப்போதுதான் ஆனந்தராஜா, ஆவணியில் இராஜேந்திரனின் நட்சத்திரத்துக்கு ஒரு நாளும் பொருந்தவில்லையாம், விட்டால் தை மாதம்தானாம் என்று ஐயர் சொல்லாததைச் சொன்னார். ஈஸ்ட் ஹாமில் அவர் இன்னொரு வீட்டை ஏலத்தில் எடுத்திருந்தார். பத்து வீதம் கட்டியாயிற்று, மிச்சத்தை இருபத்தெட்டு நாளில் கட்டாவிட்டால் கட்டியதும் போய்விடும். வசந்தமலர் குடிபுக நாள் வைத்தால்தான் அவள் வீட்டுக் காசு கைக்கு வரும், அது வந்தால்தான் மிச்சத்தைக் கட்டலாம். கெடு வருகிற செவ்வாய்க்கிழமை.

பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை, ஐயரின் வாயில் வைத்துச் சொன்னேனே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பையும் மென்று விழுங்கிக்கொண்டு காரை ஓட்டினார்.

இல்ஃபோர்ட் தாண்டியதும் சந்திரவதனா பின்னால் திரும்பி, சரிந்த தேங்காயை நேராக வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"இண்டைக்கு ஒண்டும் சொல்லாதையுங்கோ. ஆறு வருசம் கடைக்கு மேல ஒற்றை அறையில இருந்தவள். அவள் பாலைக் காய்ச்சட்டும். நாளைக்குச் சொல்லுவம்."

தங்கையின் சந்தோசத்தைக் கெடுக்கக் கூடாது என்ற எண்ணத்தில் சொன்னாள். ஆனந்தராஜாவுக்கு அது ஒரு நாள் தவணை கிடைத்தது போல் இருந்தது. ஆறுதல்பட்டதற்காக அவர் வெட்கப்பட்டார்.

*

வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். வசந்தமலர் சாமிப் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வலது காலை வைத்து உள்ளே போனாள். முகம் முழுக்கச் சிரிப்பு. பின்னால் இராஜேந்திரன் நேற்றைய ஷிப்ட் முடிந்து நேரே வந்த சிவந்த கண்ணோடு உப்பும் அரிசியும் கொண்டுபோனான்.

ஓமம் எங்கே வளர்ப்பது என்று ஐயர் கேட்டார். பின்னறைதான் பெரியது, அங்கே வையுங்கள் என்றாள் வசந்தமலர். ஐயர் சரியாகச் சிம்னி இருந்த இடத்தில் செங்கல்லை அடுக்கிக் குண்டம் கட்டினார். மேலே மரக்கட்டை, கீழே அக்கினி.

புகை கிளம்பியதும் விறாந்தையில் இருந்த புகை மணி வீல் என்று கத்தத் தொடங்கியது. ஐயர் மந்திரத்தை நிறுத்தாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினார். இராஜேந்திரன் கதிரை போட்டு ஏறி மணியின் பற்றரியைக் கழற்றி மடிக்குள் செருகிக்கொண்டான். சனம் சிரித்தது. ஆனந்தராஜாவும் சிரித்தார், ஆனால் கண் தலைக்கு மேல் இருந்த முகட்டுப் பூச்சிலேயே இருந்தது.

முகட்டில் ஒரு வெடிப்பு. வெள்ளிக்கிழமை வீட்டுத் திறப்பை இராஜேந்திரன் கையில் கொடுக்க வந்தபோது அது இல்லை. நகக்கண் அகலம்தான், முழ நீளம் இருக்கும். வர்ணம் அடித்த வெள்ளையில் பென்சிலால் கோடு இழுத்தது மாதிரிக் கிடந்தது.

அவருக்குப் பிறகு பூசையில் மனம் இல்லை. மேல் மாடிக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதையே எண்ணிக்கொண்டு நின்றார். வந்தவர்களுக்கெல்லாம் வீட்டைச் சுற்றிப் பார்க்க ஆசை. அவர் படியடியில் காவல்காரன் மாதிரி நின்றுகொண்டு, மேலே பெயின்ற் காயவில்லை, சேலையில் ஒட்டிவிடும் என்று பெண்களைத் திருப்பி அனுப்பினார். பட்டுச் சேலைக்குப் பயந்து அவர்களும் திரும்பிப் போனார்கள்.

பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். அந்த நேரம் பார்த்து இராஜேந்திரன் ஒரு சுத்தியலும் கொளுக்கியுமாக ஏணியில் ஏறினான். மாமியார் கொடுத்தனுப்பிய பித்தளைத் தூக்கு விளக்கை முகட்டில் தொங்கவிட வேண்டுமாம். சுத்தியலை ஓங்கியவன் நேரே அந்த வெடிப்புக்குப் பக்கத்தில் அடிக்கப் போனான்.

"அதில அடிக்காதை!"

அறையில் இருந்த நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனந்தராஜாவுக்குக் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று அவருக்கே தெரியாது. பூச்சு இன்னும் காயவில்லை, அடித்தால் கழன்று விழுந்துவிடும் என்று பிறகு சமாளித்தார். இராஜேந்திரன் நல்ல பிள்ளையாக இறங்கி வந்தான்.

"அத்தானுக்கு இந்த வீட்டில எவ்வளவு கரிசனை எண்டு பார்த்தியளே" என்றாள் வசந்தமலர் பக்கத்தில் நின்றவர்களிடம். பிறகு அவர் அருகே வந்து, தான் மெஷின் போடப்போகிற இடத்தைக் காட்டினாள். குண்டம் இருந்த அதே இடம். யன்னல் வெளிச்சம் நேரே விழும், நாளைக்கே தொடங்க வேண்டும், மூன்று கலியாண வீட்டு பிளவுஸ்கள் காத்துக் கிடக்கின்றன என்றாள். "நாள் தவறாமல் முடிச்சுத் தந்தீங்கள் அத்தான். சொந்தத் தமையன் இருந்தாலும் இப்பிடிச் செய்திருக்க மாட்டான்."

ஆனந்தராஜா தலையை ஆட்டினார். அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. சால்வையைச் சரிசெய்வது போல் கீழே குனிந்துகொண்டார்.

*

சாப்பாடு பின் வளவில். ஆம்பிளைகள் கடதாசித் தட்டோடு அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் இது நடக்கும். போன மாதம் அரசாங்கம் மாறியதிலிருந்து வீட்டு விலை ஏறப்போகிறது என்ற கதைதான் எங்கேயும். ஆனந்தராஜா வாய் திறந்தால் நாலு பேர் வீடு வாங்குவார்கள் என்று கோயிலில் பேச்சு.

வேறு நாளென்றால் அவருக்கு இது தேன். இன்றைக்கும் வாய் தன்பாட்டில் ஓடியது. நல்ல தெருவில் உள்ள கேவலமான வீட்டைப் பாருங்கள், கேவலமான தெருவில் உள்ள நல்ல வீட்டை அல்ல. குசினியைப் பார்க்க முதல் கூரையைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒருக்கால், ஞாயிறு காலை ஒருக்கால் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். திருத்த எவ்வளவு காசு முடியும் என்று கணக்குப் போட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி வையுங்கள், கட்டாயம் செலவாகும். ஏலத்துக்குப் போனால் எவ்வளவுக்கு மேல் போவதில்லை என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போங்கள், ரோசத்தில் கையைத் தூக்காதீர்கள். சுவருக்கு உங்களுக்குப் பிடித்த நிறம் அடிக்காதீர்கள், நீங்களா இருக்கப் போகிறீர்கள். எங்கள் சனத்துக்கு விற்பதென்றால் குசினியில் பொரியல் புகை போக நல்ல காற்றாடி ஒன்று, கக்கூசுக்குள் ஒரு தண்ணீர்ப் பைப். இந்த இரண்டையும் போட்டால் வீடு பாதி விற்றமாதிரி.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் தட்டை ஓரமாக வைத்துவிட்டுச் சின்னக் கொப்பியில் எழுதவே தொடங்கிவிட்டார்.

செய்யவே கூடாதது என்ன அண்ணை என்று அந்தக் கொப்பிக்காரர் கேட்டார்.

கவுன்சில் ஆளைக் கூப்பிடாமல் ஒரு சுவரிலும் கை வைக்கக் கூடாது. இதுதான் எப்போதும் அவர் சொல்லும் விடை. வழக்கமாக விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார். இன்றைக்கு விரலை ஆட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். கொப்பியில் அது எழுதப்படுவதை நின்று பார்த்தார்.

அப்போது இராஜேந்திரனின் நண்பர் முருகேசன் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திருச்சிக்காரர், பாலம் கட்டுகிற கம்பெனி ஒன்றில் என்ஜினியர்.

"சார், மேல சிம்னி நிக்குது, கீழ ரூம்ல காணோமே. ஸ்டீல் குடுத்திருக்கீங்கல்ல?"

"ஓம், ஓம். குடுத்திருக்கு."

"என்ன சைஸ் போட்டீங்க?"

ஆனந்தராஜா ஆறு அங்குலம் என்றார். நீளம் சொன்னார். இரண்டு பக்கமும் சுவருக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்றும் சொன்னார். எல்லாம் கடையில் சொல்லிவைத்த, இன்னும் வராத வளையின் அளவுகள். முருகேசன் திருப்தியாகத் தலையாட்டினார், நல்லா பண்ணியிருக்கீங்க சார் என்று பாராட்டவும் செய்தார்.

பொய் இவ்வளவு சரளமாக வந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது. தட்டில் இருந்த பொங்கலை ஒரு வாய்கூட வைக்க முடியவில்லை.

கை கழுவக் குசினிக்குள் போனார். அங்கே வசந்தமலர் அக்காவிடம் இரவுக்கு ஏற்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். பால் காய்ச்சிய வீட்டில் முதல் இரவு ஆள் படுக்கத்தானே வேண்டும். கட்டில்கள் நாளைக்குத்தான் வரும். எல்லோரும் பின்னறையில் ஒரேயடியாகப் பாய் விரித்துப் படுப்போம், ஊரில் மாதிரி. நீங்களும் அத்தானும் நிற்க வேண்டும், போக விடமாட்டேன். இதைக் கேட்ட சந்திரவதனா கணவனை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் நாளைக்குச் சொல்லுவம் என்ற அவள் கண்ணில் இப்போது வெறும் பயம்தான் இருந்தது.

*

அவர் பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீதி முனையில் இருந்த டெலிபோன் பெட்டிக்குப் போனார். பட்டு வேட்டியோடு பெட்டிக்குள் நின்றவரைப் பஸ்ஸுக்கு நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி விசித்திரமாகப் பார்த்தாள்.

கூப்பிட்டது றெஜினோல்ட்டை. குருநகர் ஆள், அவருடைய மரவேலைக்கும் பூச்சு வேலைக்கும் இரண்டு வருடமாக அவன்தான். மனைவி எமில்டா எடுத்து, சேர்ச்சில் பூசை முடிந்து இப்போதுதான் வந்தார் என்று அவனிடம் கொடுத்தாள்.

வெடிப்பைப் பற்றிச் சொன்னதும் அது எவ்வளவு நீளம் என்று றெஜினோல்ட் கேட்டான். இரும்பு வரும்வரை பூச வேண்டாம் என்று அன்றைக்கே மன்றாடியவன் அவன். உங்கட நாளும் நட்சத்திரமும் எனக்குத் தெரியாது அண்ணை, செங்கல்லுக்கும் தெரியாது என்று சொல்லியிருந்தான். கேட்காமல் பூச வைத்தவர் இவர். அவன் அதை இப்போது குத்திக்காட்டவில்லை.

முட்டுக் கொடுக்கிற இரும்புக் கால்கள் நாலு தன் வான் வண்டிக்குள் கிடக்கின்றன, ஒரு மணித்தியாலத்தில் கொண்டுவரலாம் என்றான். ஆனந்தராஜா மெல்லக் கேட்டார், பூச்சைத் திருத்த வந்தது என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று.

"ஏலாது அண்ணை. அந்தப் பிள்ளைக்கு நீங்கள் சொல்லுறதெண்டால் வாறன். இல்லாட்டி நான் வந்து சொல்லுவன். ரெண்டில ஒண்டு."

நான் சொல்லுகிறேன் என்றார் ஆனந்தராஜா. போனை வைத்த பிறகும் பெட்டிக்குள்ளேயே நின்றார். செவ்வாய்க்கிழமை ஈஸ்ட் ஹாம் காசைக் கட்டுவதா, இந்த வீட்டைச் சரிப்படுத்துவதா, இரண்டும் முடியாது. அது தெரிந்துதான் மூன்று கிழமையாக வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒன்றரைத் தொன்னுக்குக் கீழே மைத்துனி பாய் விரிக்கப் போகிறாள் என்று கேட்ட பிறகும் அந்தக் கணக்கு மனதில் ஓடுகிறதே என்று தன்னை நினைத்து அவருக்கு அழுகை வந்தது. பால் வாங்க மறந்து வெறுங்கையோடு திரும்பினார்.

*

இரண்டு மணிக்குள் சனம் போய்விட்டது. ஐயரும் தட்சிணை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். றெஜினோல்ட் தோளில் இரண்டு இரும்புக் கால்களோடு வாசலில் வந்து நின்றான்.

வாருங்கோ அண்ணை, சாப்பிடுங்கோ என்று வரவேற்ற வசந்தமலர், இது என்ன இரும்பு என்று கேட்டாள். றெஜினோல்ட் ஆனந்தராஜாவைப் பார்த்தான்.

"வசந்தா, இந்த அறையில இண்டைக்குப் படுக்கேலாது" என்றார் அவர். "மெஷினும் போடேலாது. நான் ஒரு பெரிய பிழை விட்டுட்டன்."

நின்றபடியே சொன்னார். மேலே நிற்கும் செங்கல், வராத இரும்பு, மரக்கட்டை, பூச்சு, வெடிப்பு. இராஜேந்திரன் வாயைத் திறந்தபடி முகட்டைப் பார்த்தான். மடியிலிருந்த பற்றரி நழுவி விழுந்து உருண்டது, யாரும் எடுக்கவில்லை. றெஜினோல்ட் அவர்களைத் தாண்டிப் போய் முதல் இரும்புக் காலை நிறுத்தி, மேலே பலகை வைத்து முறுக்கத் தொடங்கினான்.

"நாள் தவறக் கூடாது எண்டுதான் இவர் அவசரப்பட்டவர்" என்று சந்திரவதனா இடையில் புகுந்தாள்.

வசந்தமலர் கோபப்படுவாள் என்றுதான் ஆனந்தராஜா எதிர்பார்த்தார். அவளோ புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் தன்னால் வந்தது என்றாள். மெஷின் வைக்க இடம் காணாது என்று தான் சொன்னதால்தானே அத்தான் சிம்னியை எடுத்தார். தங்கள் நட்சத்திரத்துக்கு ஆவணியில் நாள் இல்லாமல் போனதற்கு அவர் என்ன செய்வார். பாவம், மூன்று கிழமை தனியாக இதைச் சுமந்திருக்கிறாரே என்றாள்.

மன்னிப்பு கேளாமலே கிடைத்துவிட்டது. எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் போதும். சந்திரவதனாவின் முகத்தில்கூட ஒரு தெளிவு வந்தது. ஆனந்தராஜா அந்த மன்னிப்பை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தார். அது பொய்க்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு இனி அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாது என்று அவருக்குப் பட்டது.

"ஆவணியில நாள் இருந்தது" என்றார். "ஐயர் எழுதித் தந்தவர். நான்தான் இல்லையெண்டு உங்களுக்குச் சொன்னனான். ஈஸ்ட் ஹாம் வீட்டுக்குக் காசு தேவைப்பட்டது வசந்தா. வேற ஒண்டும் இல்லை."

றெஜினோல்ட்டின் கை முறுக்குவதை நிறுத்தியது. அவனுக்கும் இது புதுச் செய்தி.

"எனக்கும் பாதிதான் சொன்னனீங்கள்" என்றாள் சந்திரவதனா. காலையில் தானும் மறைக்கச் சொன்னது நினைவு வந்திருக்க வேண்டும், தங்கையைப் பார்க்காமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இராஜேந்திரன் போய்ப் படியில் உட்கார்ந்தான். ஆறு வருட இரட்டை ஷிப்ட் அவன் தோளில் அப்போதுதான் ஏறியது போல் இருந்தது. எனக்குச் சாதகத்தில் நம்பிக்கையே இல்லை அண்ணை, நீங்கள் சொன்னபடியால்தான் ஓமெண்டனான் என்று மட்டும் சொன்னான்.

வசந்தமலர் பின்னறை மூலைக்குப் போனாள். அங்கே எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கை அணையாமல் இரண்டு கையாலும் தூக்கி, முன்னறைக்குக் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து சாமிப் படத்தை எடுத்துப்போனாள். பிறகு பாய்களை. அவள் மூன்று தரம் வந்து போகும்வரை ஆனந்தராஜா அதே இடத்தில் நின்றார். அடித்திருந்தால், ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கடைசியாக அவள் அவருக்கு முன்னால் வந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"நான் சந்திரா அக்காவின்ர தங்கச்சி எண்டபடியால இண்டைக்கு எனக்குச் சொல்லிப்போட்டியள். மற்ற அஞ்சு வீடும் ஆருக்கு வித்தனீங்கள் அத்தான்? அதுகளிலயும் சிம்னி எடுத்தனீங்களோ?"

இந்தக் கேள்வியை அவர் தன்னிடமே ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"ஒண்டில" என்றார். "வெஸ்ட் ஈலிங்ல. றெஜினோல்ட் வேலைக்கு வர முதல். இந்தியாக்கார டொக்டர் ஒராள், சேஷாத்ரி எண்டு. அங்கயும் மரம்தான். பேந்து போய் இரும்பு போடுவம் எண்டு நினைச்சனான். மூண்டு வருசமாப் போச்சு."

"பிள்ளையள் இருக்கோ?"

"வீடு பார்க்க வரேக்க டொக்டரின்ர பெஞ்சாதி மாசமா இருந்தவ."

வசந்தமலர் விறாந்தைக்குப் போனாள். புது டெலிபோன் வெள்ளிக்கிழமைதான் பூட்டியது, மேசைகூட இல்லாமல் நிலத்தில் கிடந்தது. அந்த வீட்டிலிருந்து இன்னும் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அதை வயரோடு இழுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

ஆனந்தராஜா பொக்கற் டயறியைப் புரட்டினார். இலக்கங்களை இரண்டு தரம் பிழையாக அழுத்தினார். மூன்றாம் தரம் மணி போனது. எடுக்காமல் விட்டால் நல்லது என்று அந்த நேரத்திலும் மனம் ஒரு மூலையில் வேண்டிக்கொண்டது.

ஒரு பெண் எடுத்தாள். டொக்டரின் மனைவி கனகவல்லி. பின்னால் குழந்தை ஒன்று பெரிதாக அழுதுகொண்டிருந்தது. அவர் தன் பேரைச் சொன்னதும் அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"வீடு வித்தீங்களே, அந்த ஆனந்தராஜா சாரா? ஐயோ, ரெண்டு நாளா உங்க நம்பரைத்தான் தேடிட்டிருக்கோம் சார்."

முகட்டில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று ஆனந்தராஜா கேட்டார்.